நவமி முடியும் வரை

ஆவணி 10, திங்கள்

விடியும்போதே புழுக்கம். 9 முதல் 11 வரை மின்சாரம் இல்லை. பி.பி. மாத்திரை வாங்கியாயிற்று. கண் சொட்டு மருந்து நாளைதான் வருமாம்.

6.15-க்குத் தத்தெடுப்பு இணையதளம் பார்த்தேன். மாற்றமில்லை. மகளும் மாப்பிள்ளையும் பதிவு செய்து மூன்று வருடம் ஒன்பது மாதம். மகள் கோமதி பள்ளிக்கூட டீச்சர், உள்ளே போனதும் போனைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். மாப்பிள்ளை பம்புசெட் உதிரிபாகம் விற்கத் தேனி, கம்பம் என்று அலைகிறவர். அதனால் என் எண்ணைக் கொடுத்தார்கள். கடவுச்சொல்லும் என்னிடம். "அப்பான்னா ஒரு நாள் தவறாது" என்றாள் கோமதி. இந்த வீட்டில் என் வேலை என்று சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான்.

சிம்மக்கல்லில் டைரிக்கு உறை வாங்கப் போனேன். கடைக்காரர் எப்படியோ அறிந்து வைத்திருக்கிறார். "எதுக்குண்ணே கம்ப்யூட்டர்ல காத்துக் கெடக்கீங்க? எனக்குத் தெரிஞ்ச நர்சம்மா இருக்காங்க. பொறந்த அன்னைக்கே கையில வாங்கிறலாம். ஆஸ்பத்திரி கேஸ் சீட்டுலயே பெத்தவன்னு உங்க மக பேரப் போட்டுருவாங்க." பயந்துபோய் வந்துவிட்டேன். உறை வாங்கவில்லை.

இன்னொரு வழியும் போன வருடமே மூடிவிட்டது. மாப்பிள்ளையின் தங்கை, கொட்டாம்பட்டிக்காரி, மூன்றாவதாகப் பிறக்கப்போவதை அண்ணனுக்கே தருவதாகச் சொன்னாள். சொந்தத்துக்குள் கொடுப்பது அவர்கள் வீட்டில் புதிதில்லை. பெரியவர்கள் நடுவில் பிள்ளையை மடி மாற்றி வாங்குவார்கள், தத்துப் பத்திரம் பிறகு. பிள்ளை பிறந்தது. முகத்தைப் பார்த்தாள். கொடுக்க மனம் வரவில்லை. அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

குறை என்மேல் வந்தது. பேச்சை முதலில் எடுத்தவன் நான். எடுத்த நாள் நவமி. மாப்பிள்ளையின் தாயார், எங்களோடுதான் இருக்கிறார், எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அண்ணே படிச்சவுக. அட்டமி நவமி பாக்காம வாயத் தொறந்தாக. கைக்கு வந்த புள்ள போச்சு."

கோமதியும் அங்கே இருந்தாள். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணி 12, புதன்

காலை 11.40. போனில் செய்தி. இரண்டு முறை படித்தேன். பிறகு இணையதளத்தைத் திறந்தேன்.

பெண் குழந்தை. ஒன்றரை வயது. வேறு மாவட்டத்து இல்லம். 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். படம் இருந்தது. ஒரு முறை பார்த்துவிட்டு மூடிவிட்டேன். முதலில் பார்க்க வேண்டியவள் கோமதி.

காலண்டர் பார்த்தேன். இன்று அஷ்டமி. நாளை நவமி.

நவமி முடிவு: வெள்ளி காலை 9.52
ராகு காலம்: 10.30
கெடு: 11.40
9.52-க்கும் 10.30-க்கும் நடுவே 38 நிமிடம். ஆட்டோவில் பள்ளிக்குப் போய்ச் சொல்ல அது போதும்.

எனக்கு இதில் நம்பிக்கை உண்டா? இல்லை. முப்பத்தைந்து வருடம் கல்லூரி நூலகத்தில் இருந்தவன். ஆனால் இன்று சொல்லி, பிறகு ஏதாவது தட்டிப்போனால்? மருத்துவ அறிக்கை, தாளில் ஏதோ குறை, எதுவோ ஒன்று. அது இரண்டாம் முறையாகிவிடும். மகள் வீட்டில் சாப்பிடுகிறவனை இரண்டாம் முறை மன்னிக்க மாட்டார்கள்.

மதியம் மோர் மட்டும்.

ஆவணி 13, வியாழன்

தூறல். கொடியில் கிடந்த துணியை எடுக்கும்போதே நின்றுவிட்டது.

மாலை கோமதி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே சம்பந்தியம்மா. நான் வாசல் பக்கம் நாற்காலியில். நாலு முறை எழுந்தேன், நாலு முறை உட்கார்ந்தேன். "என்னண்ணே, நாக்காலில முள்ளா கெடக்கு?" என்றார் சம்பந்தியம்மா. கோமதி சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று. அப்போதே சொல்லியிருக்கலாம்.

நாளைக்கு நவமி எத்தனை மணி வரை என்று அவரிடமே கேட்டேன். "பத்துக்குள்ள முடிஞ்சிரும். ஏண்ணே, நல்ல சேதியா?" சும்மா கேட்டேன் என்றேன்.

மாப்பிள்ளை கம்பத்தில். சனிக்கிழமைதான் வருகிறார்.

ஆவணி 14, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே பொய் சொல்லிவிடுவேன்.

7.40. "வாரேன்ப்பா" என்று கோமதி கிளம்பினாள். இன்னும் இரண்டு மணி நேரம்தானே என்று விட்டுவிட்டேன்.

9.53. மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

10.12. ஆட்டோவில் பள்ளி வாசல். வாட்ச்மேன்: "உள்ள பரீட்சை நடக்குது அய்யா. மணி அடிக்கிற வரைக்கும் எந்த டீச்சரையும் கூப்புடக் கூடாதுன்னு ஆர்டரு. அவசரமா?"

"அப்படி ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த வார்த்தை. வேறு என்ன சொல்வது? என் மகளுக்குக் குழந்தை இல்லை, இப்போது ஒன்று வந்திருக்கிறது என்று கேட்டுக்கு வெளியே நின்றா? பெஞ்சில் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். வேன் டிரைவர் ஒருவன் அவனிடம் வந்தான். "மாப்ள, மாமியா ஊருக்குக் கெளம்பிருச்சா?" "வந்ததுதாண்டா தெரியும். போறது மீனாட்சி ஆத்தாளுக்குத்தான் தெரியும்." இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

10.30 ஆனது. ராகு காலம். அதற்குப் பிறகு ராகு காலத்தை யார் பார்த்தது.

போன் சட்டைப்பையில் இருந்தது. கடவுச்சொல் மனப்பாடம். நானே அழுத்தியிருக்கலாம். அழுத்திவிட்டுப் பிறகு சொல்லியிருக்கலாம். பெற்றோராகப் போகிறவர்கள் பார்க்காத குழந்தைக்கு நான் எப்படிச் சம்மதம் சொல்வது என்று யோசித்தேன். 11.31 வரை யோசித்தேன். 11.36-க்குத் திறந்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. திறந்தபோது 11.43. பக்கம் காலி.

12.05. மணி. கோமதி ஓடிவந்தாள். "என்னப்பா, நெஞ்சு வலிக்குதா?"

"வீட்டுச் சாவிய விட்டுட்டு வந்துட்டேம்மா."

சம்பந்தியம்மா வீட்டிலேயே இருக்கும்போது எனக்குச் சாவி எதற்கு? அவள் கேட்கவில்லை. தன் சாவியை எடுத்துக் கொடுத்தாள். "வெயில்ல நடக்காதீங்க, ஆட்டோல போங்க" என்றாள்.

ஆவணி 15, சனி

மாப்பிள்ளை வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருக்கிறார், எனக்குத் தோல் சீவி வைத்தார். சொல்லவில்லை.

சொல்வதற்கு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். "அன்புள்ள கோமதிக்கு" என்று தொடங்கியது. ஒரே வீட்டில் இருப்பவளுக்குக் கடிதமா. கிழித்தேன்.

ஆவணி 16, ஞாயிறு

காற்று. புழுதி. எதுவும் இல்லை.

ஆவணி 17, திங்கள்

கண் சொட்டு மருந்து வந்தது.

மதியம் தத்தெடுப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். "சார், புதன்கிழமை ஒரு பொம்பளப் பிள்ள காமிச்சிருந்ததே, நீங்க எடுத்துக்கலையே. உங்க மகளுக்குப் பிடிக்கலையா?"

"ஆமாம்மா."

இதை ஏன் சொன்னேன் என்று ஒரு மணி நேரமாக யோசிக்கிறேன். கேள்வியிலேயே பதில் இருந்தது. எடுத்துக்கொண்டேன். நான் தாமதித்தேன் என்று சொல்ல அதைவிட அதிகம் வார்த்தைகள் வேண்டும்.

"சரி சார், விருப்பமில்லைன்னு குறிச்சுக்கிறேன். அடுத்தது எப்பன்னு சொல்ல முடியாது."

அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வரிசையில அடுத்து இருந்தவங்க சனிக்கிழமையே எடுத்துக்கிட்டாங்க சார்."

நல்லது. அதற்கு நல்லது.

அலுவலகக் கோப்பில் இப்போது கோமதி ஒரு குழந்தையை வேண்டாம் என்றவள்.

ஆவணி 19, புதன்

மேகமூட்டம், மழையில்லை. 6.15-க்குப் பார்த்தேன். மாற்றமில்லை.

சாயங்காலம் சம்பந்தியம்மா கோயிலுக்குப் போயிருந்தார். கோமதி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே பேசினாள்.

"அப்பா, நானும் அவரும் பேசி முடிவு பண்ணிட்டோம். பேரை எடுத்துறலாம். இனிமே தெனம் ஏந்திரிச்சுப் பாக்க வேணாம்."

"ஏம்மா?"

"கிட்டத்தட்ட நாலு வருசம் ஆச்சு. ஒண்ணுகூட வரல. நம்ம வீட்டுக்குக் குடுக்கணும்னு யாருக்கும் தோணல போல. இம்புட்டு நாள் காத்திருந்தது போதும்ப்பா. நீங்கதான் நல்லா எழுதுவீங்க, ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

தாள் எடுத்தேன். தேதி போட்டேன். காரணம் என்ற இடம் வரை எழுதினேன். பேனா அதற்குமேல் போகவில்லை.

"வந்துச்சும்மா" என்றேன். "போன புதன்கிழமை. அஷ்டமின்னு சொல்லல. வெள்ளிக்கிழமை வாசல்ல வந்து உக்காந்திருந்தேன். நேரம் போயிருச்சு. ஆபீஸ்ல கேட்டாங்க. உனக்குப் பிடிக்கலைன்னு சொல்லிட்டேன்."

சிவப்புப் பேனாவை மூடினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

"எம்புட்டு வயசு?"

"ஒன்றரை."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் எழவில்லை.

"நடக்குமாப்பா?"

படத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது என்றேன்.