இடது காதில் காற்று

தலைச்சோலை,
4.11.2024

அன்புக் கண்ணு கவிப்பிரியாவுக்கு,

உன் தாய்மாமன் சின்னையன் எழுதுவது. இங்கே எல்லாரும் சவுக்கியம், காப்பிப் பழமும் சிவந்தாச்சு. "மூடுபனியில் படை நடப்பதற்குப் புதுக் கோட்பாட்டு நூல் எழுதுகிறோம், அதில் உங்கள் கதையை ஒரு விதியாக வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். ஒண்டிக்கடை டீக்கடையில் நின்று, பஸ் கண்டக்டர் சேகர் வரைக்கும் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். இனி ராணுவமே நம் பேச்சைக் கேட்டுத்தான் நடக்கும் என்றேன்.

ஊட்டுக்கு வந்தால் உன் அத்தை குப்பாயி, "ஏனுங்க, அதப் படிச்சுப்போட்டு புள்ளைங்க நெசமாவே நடப்பாங்களே?" என்றாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பனியில் திசை தவறாமலிருக்கக் காற்றை இடது காதில் வாங்கிக்கொண்டே நடந்தேன், எல்லையில் பதினோரு பேரைக் காப்பாற்றினேன் என்று சொன்னேனே, அது பொய் சாமி. பட்டாளத்தில் நான் சமையல்காரன். டீ கேன் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். பனி மூடியதும் கால் வராமல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். என்னை விட்டுப் போக மனசில்லாமல் அவர்களும் உட்கார்ந்தார்கள். பனி விலகினால், பத்தடியில் அதலபாதாளம்! அழுததிலும் அந்தப் படையில் நான்தான் முதல்.

அந்த வரியை உடனே அடித்துவிடு. போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் ஸ்பீடு போஸ்ட்.

நடுக்கத்துடன்,
மாமன்

பயிற்சி முகாம்,
14.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். பயப்படாதீங்க, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் நூலில் எந்த வரியும் நேராக அச்சுக்குப் போகாது. வரைவு எழுதி, களத்தில் நடத்திப் பார்த்து, திருத்திய பிறகுதான் பயிற்சியில் பாடமாகும். உங்கள் விதியைச் சோதிக்க நானே கண்ணைக் கட்டிக்கொண்டு மைதானத்தில் நடந்தேன். காற்று திரும்பத் திரும்ப நானும் திரும்பி, கிளம்பிய இடத்துக்கே வந்து எங்கள் மேஜர் மேல் மோதினேன். அன்றைக்கே அடித்தாச்சு.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது மாமா. அந்தக் கதையைக் கேட்டுத்தானே பட்டாளத்தில் சேர்ந்தேன்? இரண்டு நாள் கழித்து மேஜரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உட்கார்ந்ததுதான் சரி, அதை எழுது" என்றார். இப்போது வரைவில் இருப்பது: வழி தெரியாவிட்டால் யாரும் நகரக் கூடாது, ஒருவரையொருவர் தொட்டபடி உட்கார வேண்டும். அடுத்த மாதம் சோதனை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்று மேஜர் கேட்கிறார். மெய்யாகச் சொல்லுங்க.

உங்கள்,
கவி

தலைச்சோலை,
22.11.2024

கண்ணு,

உன் கடிதம் பார்த்ததும் மூன்று தட்டு சோறு தின்றேன். போதும் என்று அத்தை சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நேராக ஒண்டிக்கடை போய், "எப்படி உட்காருறதுன்னு பட்டாளத்துக்கே சொல்லிக் குடுத்தவன் நான்!" என்றேன். சேகர், "அப்படியே அழுகறதுக்கும் ஒரு பாடம் போடச் சொல்லுங்ண்ணா" என்கிறான். அழுததையும் சொல்லிவிட்டேன் என்று இதிலிருந்தே தெரிந்துகொள். நொம்பச் சிரித்தார்கள். டீ மட்டும் வழக்கம்போல் எனக்குத்தான் முதலில் வந்தது.

மேஜருக்குப் பதில்: ஆறு மணி நேரம்.

அதை அடித்துவிடு, பொய்க்குக் கை பழகிவிட்டது. மூன்றேகால் மணி நேரம். இது அச்சுக்குப் போகலாம்.

மாமன்
சின்னையன்