நீ சொன்ன ‘இரு’

நீ ‘இரு’ சொன்ன அன்றைக்கு அறையில் இருந்தது நீ, நான், என் பேத்தி தாரணி, உன் மகன் சேகர். இன்றைக்கு தாரணியின் வீடியோ கேம் ரிமோட்டைக் கையில் எடுத்தேன். பொத்தான் இடுக்கில் உன் தைல வாசனை இன்னும் போகவில்லை, தங்கச்சி.

இடுப்பெலும்பு முறிந்து என் வீட்டில் படுத்திருந்தாய். கேமில் வழித்துணையாக வரும் நொண்டிக் கிழவனுக்கு ‘நைனா’ என்று பேர் வைத்தது நீதான். அவன் இங்கிலீஷில் பேசுவதை தாரணி தமிழில் சொல்வாள். நீ பதில் சொல்வாய், உனக்குத் தைலம் தேய்த்த கையோடு அவள் பொத்தானை அமுக்குவாள். “மொதல்ல நைனாவுக்கு சோறு போடுடி, அப்பால சண்டைக்குப் போவலாம்” என்பாய். உடம்பு விசாரிக்க வந்தவர்களிடம்கூட அவன் கால்வலியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய்.

அன்றைக்கு தாரணி கையில் மருதாணி. ரிமோட் சேகரிடம். ஆற்றங்கரையில் நைனாவுக்கு அம்பு பட்டது. இழுத்துக்கொண்டு போனால் இரண்டு பேரும் எதிரிகளிடம் பிடிபடலாம். விட்டுப் போனால் தப்பலாம். ‘கூட வா’ என்பதா, ‘இங்கேயே இரு’ என்பதா என்று தாரணி படித்துக் கேட்டாள்.

“இரு, இரு…” என்று நீ யோசித்தாய். சேகர் அமுக்கிவிட்டான். நைனா கரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“இன்னாடா பண்ண?”

“நீதானம்மா இருன்னு சொன்ன?”

“உன்ன இருக்க சொன்னன்டா, பேமானி! அவன இல்ல.”

நாங்கள் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை.

“பழைய எடத்துலேர்ந்து திரும்ப ஆடலாம் சின்னாயா” என்றாள் தாரணி.

“வாணாம். நான் திரும்பிப் பாக்கசொல்ல அவன் என்னியே பாத்துக்கினு இருந்தான். வுட்டுட்டு வந்தது வந்ததுதான்.”

அப்புறம் நீ அந்த கேமைப் போடச் சொல்லவே இல்லை.

மழைக்காலத்தில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சேகரிடமே சொன்னார். அவன் மச்சினன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பினான். நீ அவன் சட்டையைப் பிடித்து “இருடா” என்றாய். “நீ இரும்மா, தோ வந்துர்றேன்” என்று உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போனான்.

அவன் வரும்வரை நீ இருக்கவில்லை.

“அம்மா ‘இரு’ன்னதும், கொஞ்சம் பொறுன்னு சொல்லுதுன்னு நெனச்சேன் பெரிம்மா” என்றான் பிறகு.

இப்போது நானே முதலிலிருந்து ஆடுகிறேன். ஆற்றங்கரையில் நைனாவை இழுத்துக்கொண்டுதான் போனேன். இரண்டு பேரும் பிடிபட்டோம். சிறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொன்னான். “நீ வுட்டுட்டுப் போய்டுவன்னு நெனச்சானாம், ஆயா” என்றாள் தாரணி. இதைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும்.

யாராவது ‘இரு’ என்றால் எனக்கு இப்போதெல்லாம் கால் எழும்புவதில்லை. உன் திதிக்கு வந்த சேகர், கிளம்பும்போது வாசலில் நின்று என் வாயைப் பார்த்தான். இருந்து சாப்பிட்டுப் போ என்று நான் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் அவன் கை தவறியதை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். உன் விரல்களைப் பிரித்த கைக்கு என்னிடம் மன்னிப்பு கிடையாது. நீ பெற்ற பிள்ளைதான், ஆனாலும் கிடையாது. சேகருக்குக் கிடையாது.