முதல் முடிச்சு

அண்ணி,

நேற்று தம்பிக்குக் கல்யாணம். தாம்பாளத்தில் தேங்காய்மேல் சுற்றி வைத்த புது மஞ்சள் கயிற்றைச் சபையில் எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். என் முறை வந்தபோது அந்த ஈர மஞ்சள் வாசனை மூக்கில் ஏறி, எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "மசக்கையாடி?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டுச் சிரித்தாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உங்களை நினைத்துக்கொண்டேன் என்று கல்யாண வீட்டில் யாரிடம் சொல்வது?

உங்கள் கல்யாணம் ஊரில் பிரெஞ்சுக் கொடி போய் இந்தியக் கொடி ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. என் அண்ணன் அப்போது பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய்; சைகோனிலிருந்து லீவில் வந்திருந்தான். வீராம்பட்டினத்தில் அம்மன் கோயில் வாசலில் தாலி கட்டியவன், மறுநாளே உங்களைப் புதுச்சேரிக்கு அழைத்துப்போய் மேரி என்கிற பிரெஞ்சு நகரசபை ஆபீசிலும் கல்யாணத்தைப் பதிந்தான். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி என்றால் மேரியில் பேர் இருக்க வேண்டும். நம் வழக்கப்படி முதல் முடிச்சை அண்ணன் போட்டான். மற்ற இரண்டையும் நாத்தனார் நான் போட்டேன். சின்னப் பெண், முறுக்கு அதிகம், பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். "மெதுவா பாப்பா, கழுத்து நெரிக்குது" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அடுத்த லீவில் வந்தவன் வேறு ஆள். எனக்குச் சோழி பொறுக்கித் தந்த அண்ணனை அந்த முகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். கதவு சாத்தும் சத்தத்துக்கு அடித்தான். குழம்பு ஆறிப்போனதற்கு அடித்தான். ஒரு நாள் பட்டப்பகலில் உங்கள் தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்தான். நானும் அம்மாவும் சேர்ந்து இழுத்ததால் பிழைத்தீர்கள். அந்த இழுபறியில் ஒடிந்த இடது மணிக்கட்டு கடைசிவரை கோணலாகவே இருந்தது. அல்ஜீரியாவுக்குக் கிளம்பும் அன்று காப்பி குடித்துக்கொண்டே, "அடுத்த லீவுல உன்ன கூட்டிகினு போயிடறேன். அங்க நீ கத்துனா வந்து கேக்க ஆள் இல்ல" என்றான். கோபத்தில் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னான். அதுதான் உங்களைக் குலைத்துவிட்டது.

"கல்யாணத்த தீத்துக்கணும் பாப்பா. அவரு திரும்பி வரதுக்குள்ள தீத்துக்கணும்" என்றீர்கள்.

ஊர்ப் பஞ்சாயத்தில் தலைவரான நாட்டார் உங்கள் கையைப் பார்த்தார். நல்ல மனிதர், கண் கலங்கினார். "பொண்ணு மேல தப்பு இல்ல. தீத்து வுடலாம்" என்றார். என்னைக் கூப்பிட்டு, நான் போட்ட இரண்டு முடிச்சையும் அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். மூன்றாவதில் கை வைத்தபோது தடுத்தார். "அது அவன் போட்டது. அவன் வந்து அவுக்கணும். அதுவரைக்கும் கயிறு மாத்தக் கூடாது."

அவனுக்குச் சேதி அனுப்பலாமே என்றேன். தண்ணீர் தாண்டி இருப்பவனுக்குக் கரைச் சேதி சொல்வதில்லை என்றார்கள். என் தங்கை செத்த அன்று அப்பா கடலில் இருந்தார். கட்டுமரம் கரையேறி, மணலில் கால் பட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் அவரிடம் சொன்னார்கள். நடுக்கடலில் மனம் கலங்கினால் ஆள் திரும்ப மாட்டான் என்று ஏற்படுத்திய வழக்கம். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். அதைத் துப்பாக்கி பிடித்தவனுக்கும் சேர்த்து நீட்டினார்கள் பாருங்கள், அங்கேதான் உங்கள் கழுத்து மாட்டிக்கொண்டது.

டவுனில் கோர்ட்டாவது வழிவிடும் என்று போனோம். பெரிய மார்க்கெட்டில் மீனை விற்றுவிட்டு அப்படியே போனதால், வக்கீல் குமாஸ்தா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் பேசினார். "கொடிதாம்மா மாறிச்சி. மேரியில கட்டுன கல்யாணத்துக்கு இன்னும் பிரெஞ்சுச் சட்டந்தான். புருஷன் பட்டாளத்துல இருக்கான், சண்டை நடக்குது. அவனுக்கு நோட்டீஸ் போய் அவன் பதில் சொல்லாம கேஸு நவுராது. வந்ததும் வாங்க."

"வராமயே போயிட்டா?" என்று கேட்டீர்கள்.

"அப்ப கேஸே தேவ இல்லயேம்மா" என்றார். அதில் சிரிக்க என்ன இருந்ததோ, சிரித்தார்.

வெளியில் வந்து கடற்கரையில் உட்கார்ந்தோம். யாரையாவது வைத்து நானே அண்ணனுக்கு எழுதட்டுமா என்றேன். என் வாயைப் பொத்தினீர்கள். "சேதி போனா லீவு கேட்டு வந்துடுவாரு பாப்பா. வந்தா நான் இருக்க மாட்டேன்." அவன் வந்தால்தான் விடுதலை, அவன் வந்தால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள். நாட்டாரும் கோர்ட்டும் பேசி வைத்துக்கொண்டதுபோல உங்களை அந்த இடுக்கில் நிறுத்திவிட்டார்கள். அன்று உங்களுக்கு அழுகை வரவில்லை. எனக்குத்தான் வந்தது.

அதன் பிறகு கப்பல் என்ற சொல்லே உங்களுக்கு ஆகாது. புதுச்சேரிக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டிருக்கிறது என்று யாராவது சொன்னால் சோறு இறங்காது. சவுக்குத் தோப்பில் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். ஆள் வரவில்லை என்று நான் வந்து சொன்ன பிறகுதான் எழுந்திருப்பீர்கள். அண்ணன் லீவை வேண்டாம் என்று மறுபடி பட்டாளத்துக்கே பெயர் கொடுத்தான். அம்மா அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மஞ்சள் கயிறு உப்பும் வேர்வையும் ஊறிக் கறுத்தது. ஆடிக்கு மற்ற பெண்கள் எல்லாம் புதுக் கயிறு மாற்றும்போது நீங்கள் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வீர்கள்.

மேரியிலிருந்து சைக்கிளில் ஆள் வந்த அன்று கருவாடு காய்ந்த இடத்தில் நான் மட்டும் இருந்தேன். அண்ணன் பெயரைச் சொன்னார். தொப்பியைக் கழற்றினார். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள், வருகிறவரை நிழலில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு உங்களிடம் ஓடி வந்தேன். நான் சொல்வதற்குள் நீங்களே என் முகத்தைப் படித்துவிட்டீர்கள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல அண்ணி."

"அப்ப சேதி இன்னும் கரைக்கு வரல. முடிச்ச அவுத்துடு."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. ஊர் அழத் தொடங்கிவிட்டால் நீங்கள் தாலி அறுக்க வேண்டிய விதவை. அதற்கு முன் அவிழ்ந்தால், தீர்த்துக்கொண்டவள். விரலால் முயன்றேன், நகம் பிய்ந்தது. அந்த முடிச்சு கல்லாகியிருந்தது. கத்தி எடுக்கப் போனேன். "அறுக்காத, அவுத்துடு" என்றீர்கள். பல்லால் கடித்து இழுத்தேன். என் அண்ணன் செத்துப்போன அழுகையும் அந்தக் கசப்பும் சேர்ந்து வாய்க்குள் வந்தன. கழுத்தை அசைக்காமல் நின்றீர்கள். முடிச்சு இளகி விழுந்த பிறகுதான் அம்மாவின் ஓலம் தெருமுனையில் கேட்டது.

கருமாதி அன்று பெண்கள் உங்கள் கழுத்தில் கயிற்றைத் தேடினார்கள். யார் அவிழ்த்தது என்றார் நாட்டார்.

"நான்தான். சேதி வரதுக்கு மின்ன."

"அது அவன் அவுக்க வேண்டியது" என்றார்.

"அவரு கால் இனிமே மணல்ல படப்போறதில்ல" என்றீர்கள் நீங்கள். "நான் யாருக்காகக் காத்திருக்கணும்?"

அம்மா உங்கள் காலடியில் காறித் துப்பினாள். நெற்றிப் பொட்டோடு ஊரை விட்டுக் கிளம்பி, முத்தியால்பேட்டையில் நூல் சுற்றும் வேலைக்குப் போனீர்கள். ஆனால் மேரி உங்களை விதவை என்றே எழுதியது. மறு வருஷம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டில் தலைமாட்டிலும் அண்ணன் பெயரைப் போட்டு இன்னார் விதவை என்றுதான் எழுதி மாட்டியிருந்தார்கள். "அத எடுத்துடு பாப்பா" என்று கேட்டீர்கள். எடுத்தேன்; நர்சம்மா திரும்பவும் மாட்டினாள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் நெற்றியில் குங்குமம் வைத்தவள் நான். அதற்காக நம் வீட்டில் என்னோடு இன்னும் பேசாதவர்கள் இருக்கிறார்கள். பேசாமலே போகட்டும்.

இந்த வருஷம் பிரெஞ்சுக்காரன் ஊரை முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டானாம், எங்கும் அதே பேச்சு. நேற்று மேளம் கொட்டியதும் நாத்தனார் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மணப்பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பின்கழுத்தில் பூனைமுடி, உங்களுக்கு இருந்த மாதிரியே. தம்பி முதல் முடிச்சைப் போட்டு இறுக்கப் போனான். "போதும் வுடு" என்று அவன் கையைத் தட்டிவிட்டு, அவன் போட்டதையும் நானே கொஞ்சம் இளக்கினேன். என்னுடைய இரண்டையும் ஒரு இழுப்பில் அவிழ்கிற மாதிரிதான் போட்டேன், அண்ணி.