டீசலில் ஊறிய வளையம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பால் நலம். நீ நலமா என்று கேட்க வாய் வரவில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன். அம்மா உன் அறையைத் தினமும் கூட்டுகிறாள், எதற்கு என்று கேட்டால் எரிந்து விழுகிறாள்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. மாப்பிள்ளையின் வண்டியில் டீசல் குழாய் இணைப்பிலிருந்து கழற்றி நீ அனுப்பிய ரப்பர் வளையம் வந்தது. வளையத்தில் குறையில்லை, மாட்டிய கையில்தான் குறை என்று அங்கே விசாரித்தவர்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, "நான்தாம்பா மாட்டினேன், நான்தான் கொன்னுட்டேன்" என்று போனில் அழுதாய். அவர்கள் அதைக் கதகதப்பான அறையில் மேசைமேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், மடையர்கள். அறைச் சூட்டில் எந்த ரப்பரும் நல்ல பிள்ளைதான். நான் வேலை செய்யும் ரப்பர் ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியில் உங்கள் பனிப்பிரதேசத்துக் குளிரை வைத்து, அதே ரகத்தில் புதியது ஒன்றையும் இதையும் சேர்த்துப் போட்டேன். புதியது வளைந்தது. இது கண்ணாடி போல விறைத்துச் சுருங்கியது, குழாயில் மாட்டினால் டீசலைக் கசியவிட்டது. நைட்ரைல் ரப்பர் குளிரில் விறைக்காமலிருக்க ஓர் எண்ணெய் சேர்ப்பார்கள், மாதக்கணக்கில் டீசலில் ஊறினால் அந்த எண்ணெய் கரைந்து வெளியேறிவிடும். அப்புறம் டீசலைத் தாங்கும், குளிரைத் தாங்காது. வளையம் செய்த கம்பெனிக்காரர்கள் புதியதை மட்டும் சோதித்து அனுப்பிவிட்டார்கள். இதில் முறுக்கில்லை, வெட்டில்லை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீ சரியாகத்தான் மாட்டியிருக்கிறாய்.

பெட்டியிலிருந்து அதை எடுக்கும்போது கையுறையைத் தாண்டிக் குளிர் ஏறியது. இந்தக் குளிரில்தானே அவன் டீசல் ஒழுகி நின்றுபோன இன்ஜினோடு கடைசிவரை உட்கார்ந்திருந்தான் என்று நினைத்தேன், அன்று அதற்குமேல் வேலை ஓடவில்லை. பத்தொன்பது வயதில் அப்பாவானவன் நான். "மாமான்னு கூப்பிடற வயசா உங்களுக்கு, அண்ணான்னா உங்க பொண்ணு அடிப்பா" என்று என்னைக் கேலி செய்தவன், எனக்கு முன்னால் போய்விட்டான்.

அதே வளையம் மற்ற வண்டிகளிலும் இருக்கும். இன்றே உன் அதிகாரியிடம் சொல். டீசலையும் குளிரையும் சேர்த்துத் தாங்கும் ஃப்ளோரோசிலிகோன் வளையம் வரும்வரை ஒரு வண்டியும் வெளியே போகக் கூடாது. விலை அதிகம் என்பான், விடாதே. சோதனை முடிவைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

காரணம் தெரிந்தால் மனசு ஆறும் என்று நினைத்துத்தான் இவ்வளவும் செய்தேன். ஆறவில்லை. அதனால் உன்னைத் தைரியமாக இரு என்று எழுதவில்லை. போன் செய். பேசக்கூட வேண்டாம், அழு, நான் வைக்க மாட்டேன்.

அந்தக் குளிரில் வெறுங்கையோடு இரும்பைத் தொடாதே. எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு.

உன் அப்பா