வெண்கழி ஏரியின் ஏழாவது தீவு

சீரும் செழிப்பும் ஓங்குக. கீழ்க்கடல் காக்கும் அலவந்துறை நாட்டின் பேரரசி நன்மாதேவியார் திருமுன்பு, வெண்கழி ஏரியின் அளவைக்காரி சேந்தி பணிந்து கேட்பது: அரசவையில் எனக்கு ஓர் இருக்கை வேண்டும்.

மற்ற எதைக் கேட்டாலும் இருக்கையை மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடாதே என்று சொல்லித்தான் கல்விச்சாலை ஆசான் என்னை அனுப்பினார். மீன் விற்கும் குடியில் முதன்முதலாய் ஏடு தொட்டவளுக்கு அவையில் நிற்க இடம் கிடைத்ததே பெரிது என்றார். நின்று நின்று கால் கடுத்துவிட்டது, தேவியாரே.

மந்திரியார் மகள் வானவன்நங்கை தீட்டிய ஏரிப்படத்துக்காக நேற்று அவளுக்கு இருக்கை அளித்தீர்கள். படம் அழகு, மறுக்கவில்லை. மடவை மீன் துள்ளும் துறையும், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே படுத்திருக்கும் மணல்மேடும், மழை வலுத்தால் அது உடைந்து வாய் திறக்கும் இடமும் நான் இடுப்பளவு நீரில் நடந்து அறிந்து அவளுக்குச் சொன்னவை. "நீ சொல்லு சேந்தி, நான் வரையறேன். அந்தச் சேத்துக் காலோட படகுல ஏறிடாத" என்று சிரித்தாள். எனக்குப் பொறாமை என்று அவையில் பேசிக்கொள்கிறார்களாம். பொறாமைதான். அவள் உட்கார்ந்திருக்கும் பக்கமே என்னால் திரும்ப முடியவில்லை.

ஆனால் ஏழாவது தீவை நான் சொல்லவில்லை. வெண்கழியில் தீவுகள் ஆறே. அரண்மனை மாடத்திலிருந்து பார்த்து அவள் இளஞ்சிவப்பில் தீட்டிய ஏழாவது, நிலமன்று. முழங்கால் நீரில் தலை கவிழ்த்து இரை மேயும் பூநாரைக் கூட்டம். அதன்மேல் வசந்த மண்டபம் எழுப்பத் தாங்கள் ஆணையிட்டு, படகுகளில் கல்லும் ஏற்றியாயிற்று. தீவு பறந்துபோய் அவள் தலைகுனியும் நாளுக்காக வாய்மூடிக் காத்திருக்க எனக்கு எவ்வளவோ ஆசை. ஆயினும் அந்தச் சேற்றில் கல் விழுந்தால் இரை அழியும். பூநாரைகள் மறுபடி வாரா.

ஆகவே கல் படகுகளைத் துறையிலேயே கட்டுக என்று துறைக்காவலர்க்கு என் பொறுப்பில் ஆணையிட்டு, ஏரி இலச்சினை பொறித்தேன். மறுமொழிக்குக் காத்திராமல், மெழுகு காயுமுன் அவைப்படி இறங்குகிறேன். கல் இறக்கியே தீர வேண்டுமெனில், பறவைகள் வெருளாத தொலைவில் நீருக்குள் நான் இருப்பேன். என்னைத் தாண்டி இறக்கட்டும். நிற்பது எனக்குப் பழக்கந்தானே.