மடியில் போட்ட பீஸ்கள்

ஜூன் 10, 2024, திங்கள்

நான் பள்ளியில் கணக்கு எடுத்த காலத்தில், எட்டாம் வகுப்பில் பூவாத்தாள் என்ற பெண் எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சர், கிளாஸ் சராசரி நாப்பத்தி மூணுன்னு சொன்னீங்களே, அந்த நாப்பத்தி மூணு வாங்குனது யாருங்க?" மார்க்குகளைத் தேடிப் பார்த்தேன். யாருமே இல்லை. வகுப்பே சிரித்தது, நானும்தான். அன்று அவளுக்கு ஒழுங்கான பதில் சொன்னேனா என்பது நினைவில்லை.

இன்று அது நினைவுக்கு வரக் காரணம் மகுடேஸ்வரன். பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பெருமாநல்லூர் ஜாப் ஒர்க் யூனிட்காரர்கள் சங்கத்தின் செயலாளர். காலையிலேயே வந்துவிட்டார்.

"அவங்கவங்க யூனிட்டுக்குள்ள எல்லாரும் புலிங்க டீச்சர். பக்கத்து யூனிட் எப்படி ஓடுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாதுங்க. நீங்க எந்தக் கம்பெனிக்கும் வேண்டப்பட்டவங்க இல்ல. உங்ககிட்டன்னா நம்பிச் சொல்லுவாங்க."

சங்கத்தில் முப்பத்தொரு யூனிட்டுகள். கேள்வி ஒன்றுதான்: தைத்து வரும் நூறு பீஸைச் சோதித்தால் எத்தனை பீஸில் தப்பு இருக்கிறது? யூனிட்டின் பெயர் தாளில் வராது, ஒரு குறி எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது எனக்கு மட்டும் தெரியும். ஊரின் நடு அளவு என்ன, தான் அதற்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது அவரவர் தாளில் இருக்கும்.

ஒப்புக்கொண்டேன். வீட்டுக்காரர் செங்கோட்டையன் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ரிட்டயர் ஆயும் ஊருக்கெல்லாம் பரீட்சை வெக்கறத உடமாட்டீங்கறயே."

ஜூன் 14, வெள்ளி

பதில்கள் வரத் தொடங்கிவிட்டன. எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள், மோர் கொடுக்கிறார்கள். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே போனில், "போன வருசம் எவ்வளவு போட்டமோ அதையே போட்டுருங்க டீச்சர்" என்றார். "இதுதானுங்க முதல் வருசம்" என்றேன். "அப்படிங்களா! சரி, ரெண்டு போட்டுக்குங்க."

ஜூன் 19, புதன்

எல்லாத் தாள்களும் வந்துவிட்டன. கூட்டி வகுக்காமல், சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக வைத்து நடுவில் நிற்பதை எடுத்தேன். பள்ளியில் பிள்ளைகளை உயரப்படி நிற்க வைத்து நடுப் பிள்ளையைப் பார்ப்போமே, அதுபோல. ஒருவன் மட்டும் பனைமரமாக இருந்தாலும் நடுப் பிள்ளை மாறமாட்டான்.

நடுவில் நின்றது இரண்டு. ஏறக்குறைய எல்லோருமே ஒன்று முதல் மூன்றுக்குள். ஒரே ஒரு யூனிட் மட்டும் பதினொன்று.

அவரவருக்குக் கொடுக்க, ஒட்டிய உறைகளில் முடிவுத் தாள்களை வாங்கிக்கொண்டபோது மகுடேஸ்வரன் ஒரு செய்தி சொன்னார். வெளிநாட்டுக் கடைகளுக்காகத் துணி வாங்கித் தரும் ஒரு பையிங் ஆபீஸ், குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டரைச் சிறு யூனிட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்போகிறதாம். ஒவ்வொரு யூனிட்டும் தன் தாளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். நான்குக்கு மேல் இருந்தால் சேர்க்கமாட்டார்களாம்.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா எல்லாரும் பூஜ்யம் போட்டிருப்பாங்க டீச்சர்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 20, வியாழன்

பதினொன்று வந்துவிட்டது, என் வீட்டு வாசலுக்கே.

வேல்விழி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் பல வருடம் செக்கிங்கில் இருந்து, பிறகு சொந்தமாக மெஷின் போட்டிருக்கிறாள். இருபது பேர் வேலை செய்கிறார்கள்.

"டீச்சர், ஊரே ரெண்டுங்கு. நான் மட்டும் பதினொண்ணா? அப்ப நாங்க துணியத் தைக்கோமா, இல்ல கிழிக்கோமா?" உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "இந்த ஆர்டர் கிடைக்கான்னு பாத்துட்டுத்தான் ஷெட்டுக்கு மேக்கொண்டு அக்ரிமெண்ட் போடணும்னு இருக்கேன். கிடைக்கலேன்னா ஆடி முடிய மெஷின வித்துட்டு, மறுபடி எங்கயாவது செக்கிங்குக்குத்தான் போணும். என்னைய விடுங்க, எங்கிட்ட இருக்க பிள்ளைங்க எங்க போவும்?"

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ரெண்டுன்னு மாத்தி எழுதிக் குடுத்துரட்டா டீச்சர்? எல்லாரும் அப்படித்தான எழுதியிருக்காங்க?"

"மாத்த வேண்டாங் கண்ணு. எனக்குக் கொஞ்சம் நாள் குடு" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன்?

ஜூன் 21, வெள்ளி

பதினொன்று தப்பா? இரண்டு தப்பா? அல்லது இரண்டுமே சரியா? அது எப்படி முடியும்?

ஜூன் 24, திங்கள்

முடியும்!

காலையில் வேல்விழியின் யூனிட்டுக்குப் போனேன். செக்கிங் மேஜையில் தப்பான பீஸ் ஒவ்வொன்றிலும் தையல் விட்ட இடத்தைக் காட்டி ஓர் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். கூடையில் போட்டு, எண்ணி, பலகையில் எழுதிய பிறகுதான் டெய்லரிடம் திருப்பிக் கொடுக்கிறார்கள். பெரிய கம்பெனியில் பழகிய பழக்கத்தை அவள் அப்படியே கொண்டுவந்திருக்கிறாள்.

அங்கிருந்து மகுடேஸ்வரனின் யூனிட்டுக்குப் போனேன். செக்கிங்கில் ராமாயி. ஒரு பீஸைத் திருப்பிப் பார்த்தாள், விளிம்பில் தையல் விட்டிருந்தது. பேசிக்கொண்டே அதைப் பின்னால் இருந்த டெய்லர் பெண்ணின் மடியில் போட்டாள். அந்தப் பெண்ணும் பேசாமல் மெஷினில் ஓட்டித் திருப்பிப் போட்டாள். ராமாயி அதை நல்ல பீஸ்களோடு சேர்த்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. எண்ணி எண்ணி என் கைவிரல்கள் தீர்ந்துபோயின.

"இதையெல்லாம் எழுதறதில்லீங்களா?" என்று கேட்டேன்.

"எதைங்க டீச்சர்?"

"இப்ப மடியில போட்டீங்களே."

"அட, அதுங்களா! அது தப்புல சேத்தியே இல்லீங். எழுதுனா நாளைக்குச் சூப்பர்வைசர் வந்து அந்தப் புள்ளையக் கேப்பாரு, அது மொகஞ் சுண்டிப் போயிருமுங்க. கையோட குடுத்துக் கையோட வாங்கிக்கறது. சரிபண்ண முடியாம ஒதுக்கறோம் பாருங்க, அதத்தான் எழுதுவோம்."

அதன் பிறகு போன இன்னும் இரண்டு யூனிட்டுகளிலும் இதேதான். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் முகம் வாடக்கூடாது என்ற நல்ல பழக்கம் அது. பென்சிலில் எழுதி, பக்கத்துப் பிள்ளை காட்டியதும் அழித்துத் திருத்திக்கொண்ட பிழை ஒன்று. நான் சிவப்பு மையில் சுழித்த பிழை ஒன்று. ஒரு வகுப்பில் முதலாவதையும் எண்ணி, மற்ற வகுப்புகளில் இரண்டாவதை மட்டும் எண்ணினால், எந்த வகுப்பு மக்கு வகுப்பாகத் தெரியும்?

ஜூன் 26, புதன்

மகுடேஸ்வரனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். முகம்தான் கொஞ்சம் இறுகிவிட்டது.

"ஏனுங்க டீச்சர், ஊடு கூட்டறப்ப வர்ற தூசியெல்லாம் யாராச்சும் எண்ணுவாங்களா?"

"எண்ண வேண்டாமுங்க. ஆனா எண்ணுன ஒருத்தியப் பாத்து, உன்ர ஊடுதான் அழுக்குன்னு சொல்லக்கூடாதுங்க."

பிறகு உள்ளதைச் சொன்னார். "எல்லாத்தையும் எண்ணுனா ரெண்டு ஒம்பது ஆகும், பத்து ஆகும். பையிங் ஆபீஸ்காரங்க பாத்துட்டு, பெருமாநல்லூரே வேண்டாம்னு வேற ஊருக்குப் போயிட்டா? ஒரு யூனிட்டுக்காக முப்பது யூனிட்டையும் நிறுத்தறதா?"

அவர் பயமும் நியாயமானதுதானே?

ஜூன் 28, வெள்ளி

பதில் யாரிடம் இருக்கிறதோ அவரையே கேட்டுவிட்டேன். பையிங் ஆபீஸில் இந்த ஆர்டரைப் பார்ப்பவர் சுரேஷ் என்ற இளைஞர். மகுடேஸ்வரனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யூனிட் பெயர் எதுவும் சொல்லாமல் போனில் விளக்கினேன்.

"மேடம், தையல் லைன்ல ரெண்டு பர்சன்ட்தான் தப்புன்னா எங்க மேனேஜர் நம்பாம சிரிப்பாரு" என்றார். "ரெண்டுங்கறது கடைசியா ஒதுக்கற ரிஜெக்ஷன்னா அப்படியே எழுதுங்க. எங்களுக்கு ரெண்டு கணக்குமே வேணும். ஆனா எல்லாரும் ஒரே மாதிரி எடுத்திருக்கணும். நாலுன்னு கோடு போட்டது, ரெண்டு மூணுதான் வரும்னு உங்க சங்கத்துல முன்னயே சொன்னத வெச்சுத்தான். கோட்டைத் திரும்பப் போட்டுக்கலாம். ஜூலை பதினஞ்சுக்குள்ள குடுத்துருங்க."

போனை வைத்ததும் மகுடேஸ்வரன், "சிரிப்பாராமா?" என்றார். பெருமாநல்லூரைப் பார்த்து ஒருவர் சிரிப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

ஜூலை 1, திங்கள்

சங்கக் கூட்டம். ஒரே கூச்சல். நான் எழுந்து, "உங்க ஊட்ல எத்தனை பேருன்னு ஒரு துண்டுத் தாள்ல எழுதிக் குடுங்க" என்றேன். பழைய வாத்தியார் புத்தி.

ஆறுச்சாமியும் அவர் தம்பியும் ஒரே வீட்டில் இருப்பவர்கள், ஒரே சமையல். அண்ணன் தாளில் ஆறு, தம்பி தாளில் எட்டு. வாசித்ததும் தம்பி எழுந்துவிட்டார்: "எம் பொண்டாட்டி பிரசவத்துக்கு அவங்கம்மா ஊட்டுக்குப் போனதும் கணக்குல இருந்தே எடுத்துட்டயா?" அண்ணன்: "சரி, அப்பவும் ஏழுதானடா ஆவுது?" தம்பி: "பொறக்கப்போற கொழந்தைய என்ன வாசல்லயா உடப்போறோம்?" கூட்டம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதற்குமேல் நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. முடிவானது இது: செக்கிங் மேஜையில் ஒரு டப்பா. தையலுக்குத் திரும்பிப் போகும் ஒவ்வொரு பீஸுக்கும், மடியில் போட்டாலும் சரி, ஒரு பட்டனை டப்பாவில் போட வேண்டும். யார் தைத்த பீஸ் என்று எழுத வேண்டியதில்லை. யார் முகமும் சுண்டாது. எல்லா யூனிட்டிலும் ஒரே வாரம். ஒதுக்கும் பீஸுக்குத் தனிக் கணக்கு.

வேல்விழி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முடிவைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஜூலை 6, சனி

யூனிட் யூனிட்டாகப் போய்வந்தேன். ராமாயி டப்பாவைக் குலுக்கிக் காட்டினாள்: "இது ரொம்பறதப் பாத்தா நமக்கே பயமா இருக்குதுங் டீச்சர்."

ஒரு யூனிட்டில் டப்பா காலி. ஒரு தப்பும் இல்லையா என்று கேட்டேன். "அதெல்லாம் நெறைய இருந்துச்சுங்க. சட்டைக்குப் பட்டன் பத்தலைன்னு எடுத்துத் தெச்சுட்டோம்" என்றார்கள். அவர்களுக்கு மட்டும் திங்கள்கிழமையிலிருந்து மறுபடியும். இந்த முறை பட்டாணி.

ஜூலை 13, சனி

முடிந்தது. இருபத்தேழு யூனிட்டுகள் கணக்குக் கொடுத்தன. நான்கு கொடுக்கவில்லை. அந்த நான்குக்கும் நானாக ஓர் எண்ணைப் போட்டுவிடாமல், "நான்கு யூனிட்டுகள் சேரவில்லை" என்று மேலேயே எழுதினேன். பரீட்சைக்கு வராத பிள்ளைக்குப் பூஜ்யமும் போடக்கூடாது, பாஸ் மார்க்கும் போடக்கூடாது.

திருப்பிக் கொடுத்த பீஸ்களின் கணக்கில் நடுவில் நிற்பது ஒன்பது. வேல்விழிக்கு அதே பதினொன்று. அவள் முதலாவதாக வந்துவிடவில்லை, நடுவுக்குக் கொஞ்சம் கீழேதான். ஆனால் அவளைவிடத் தப்பு அதிகமாக, அவளுக்குக் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் யார் யார் என்று இங்கேகூட எழுதமாட்டேன். மகுடேஸ்வரன் தன் தாளை வாங்கிப் பார்த்து, நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "காப்பி குடிக்கலாங்களா டீச்சர்?" என்றார். அவ்வளவுதான்.

வேல்விழி போனில்: "ஒம்பதுக்கு எப்படிக் கொண்டு வர்றதுன்னு பாக்கேன் டீச்சர். பாதிக்கு மேல கழுத்துப் பட்டியிலதான் தப்பு வருது. எங்க பலகையில அது தெளிவா இருக்கு." மாற்றி எழுதட்டுமா என்று தாழ்ந்து கேட்ட அதே குரலா இது!

ஜூலை 19, வெள்ளி

பையிங் ஆபீஸில் கோட்டைப் பன்னிரண்டில் போட்டிருக்கிறார்கள். வேல்விழிக்குக் கேட்டதில் பாதி ஆர்டர் கிடைத்திருக்கிறது. வேலையைப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுப்பார்களாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆடி முடிந்துவிட்டது. மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் வேல்விழியின் ஷெட்டைப் பார்த்தேன். ஞாயிறென்றும் பாராமல் உள்ளே மெஷின் சத்தம். வாசலில் டெம்போவில் அட்டைப்பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் வாயில் நூல் கத்தரியைக் கடித்தபடி, பெட்டி ஒட்டும் டேப்பைப் பிடித்திருந்த கையை ஆட்டினாள். பேச நேரமில்லை அவளுக்கு. நல்லது.

மாலையில் மகுடேஸ்வரன் வந்தார். சேராத நான்கில் இரண்டு யூனிட்டுகள் அடுத்த கணக்கெடுப்பில் சேர்கின்றனவாம். இந்த முறை மின்சாரச் செலவு. தாளின் மேலே கேள்விக்கு முன்னால் நாலு வரி விளக்கம் வேண்டும் என்றார். ஒரு பக்கம் எழுதினேன், படித்தேன், அடித்தேன். யார் அவ்வளவு படிப்பார்கள்? கடைசியில் இதை மட்டும் எழுதிக் கொடுத்தேன்:

'இன்று உங்கள் யூனிட்டில் எத்தனை டீ குடித்தார்கள் என்று மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். மூவரும் எதையெல்லாம் டீ என்று எண்ணினார்கள் என்பதையும் கேட்டுவிட்டு, அதன் பிறகு இந்தத் தாளை நிரப்புங்கள்.'