பன்னிரண்டாவது ஆணி

ஜூலை 8

ஓவியக் கல்லூரியின் மூன்றாவது மாடி, ஆறாம் எண் அறை, படம் வரைய இன்று என் கைக்கு வந்தது. ஒரு சன்னல், ஒரு மேசை, நீளமாக ஒரு வெள்ளைச் சுவர். சாவி கொடுத்தவர் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். எல்லோரும் சாவி அண்ணன் என்கிறார்கள். "போகும்போது ஆணி ஓட்டையெல்லாம் பட்டி வெச்சு அடைச்சு, வெள்ளை அடிச்சிட்டுப் போகணும். இந்த மாடிக்கு அது ஒண்ணுதான் சட்டம்," என்றார்.

ஒன்பது வருடம் பிஸ்கட் உறை வரைந்தவளுக்கு முப்பத்து நான்கு வயதில் ஓராண்டு ஓவிய முதுகலைப் பட்டயம். அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்ன அன்று அவள், "சரி, இனிமே யார் உன்னைத் திட்டுவா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். இன்று சிரிப்பு வரவில்லை.

ஜூலை 15

வழிகாட்டிப் பேராசிரியை ஒரு குறிப்பேடு கொடுத்தார். இடப்பக்கம் என்ன செய்தேன், வலப்பக்கம் ஏன் செய்தேன். தினமும் எழுத வேண்டும். இறுதி மதிப்பீட்டில் சுவரையும் குறிப்பேட்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்களாம். "ஏன்ங்கிற பக்கம் காலியா இருந்தா பரவாயில்ல. பொய் இருந்தாத்தான் எனக்குக் கஷ்டம்," என்றார்.

அதனால்தான் இந்த இரண்டாவது நோட்டு. இதை யாரிடமும் காட்டப்போவதில்லை.

ஜூலை 29

ஒன்றும் வரையவில்லை.

ஆகஸ்ட் 18

மூடிய அறைகளின் மூலைகள், கரித்துண்டில். பதினொரு தாள் தேறியது. அக்கா பார்த்துவிட்டு, "பிஸ்கட் உறையைப் பார்த்தா சாப்பிடவாவது தோணும். இதைப் பார்த்தா எழுந்துபோய்க் கதவைச் சாத்தணும்போல இருக்கு," என்றாள்.

ஆனால் எதை எங்கே மாட்டுவது? தரையில் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். அலுவலகத்தில் எவராவது சொல்லிவிடுவார்கள் — இதை மேலே ஏற்று, சிவப்பைக் கொஞ்சம் கூட்டு. இங்கே ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. சொந்தமாக ஒரு ஆணி அடிக்கத் தெரியாத ஜென்மமா நான்?

ஆகஸ்ட் 19

காலை எட்டு மணிக்கு வெயில் சன்னல் வழியாகச் சுவரை உரசிக்கொண்டு போகிறது. அப்போது தெரிந்தது. பூச்சுக்குக் கீழே சின்னச் சின்ன மேடுகள். முன்பு இருந்தவரின் ஆணித் தடங்கள். விரலால் தடவி எண்ணினேன்: பதினொன்று.

என்னிடமும் பதினொரு தாள்.

அடித்துவிட்டேன், அந்த இடங்களிலேயே. ஆணிகள் சிரமமில்லாமல் இறங்கின. அளவெடுத்து வெட்டியதுபோல ஒவ்வொரு தாளும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இவ்வளவு அழகாக என்னால் யோசித்திருக்க முடியாது. குறிப்பேட்டின் வலப்பக்கத்தில் எழுதினேன்: 'இடைவெளிகளை நானே தீர்மானித்தேன்.'

செப்டம்பர் 20

இடைக்கால மதிப்பீடு. வந்த மூவரில் இருவர் பாராட்டினார்கள். வழிகாட்டி மட்டும் சுவரருகே போகாமல் கதவுப் பக்கமே நின்றார். மற்றவர்கள் போனதும் கேட்டார்:

"இந்த வரிசை யார் சொன்னது?"

"நானேதான், மேடம்."

"இந்த ரூம்ல மூணு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு இருந்தா. இப்படியேதான் மாட்டியிருந்தா. தாளோட அளவுகூட இதேதான்."

"அவங்க என்ன வரைஞ்சாங்க?"

"மூலைங்க," என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தாள்களை நான் வெட்டியது அந்தத் தடங்களைப் பார்ப்பதற்கு முன்னால். முன்னால்தானே? ஆமாம். முன்னால்தான்.

செப்டம்பர் 23

சாவி அண்ணனிடம் கேட்டேன். அந்தப் பெண் படிப்பை முடிக்கவில்லையாம்.

"ஒரு சாயங்காலம் கதவு சாத்தியிருந்துச்சு, உள்ள லைட் எரிஞ்சுது. தட்டினேன். சத்தம் இல்ல. சரி, வேலை பண்றாங்கபோலன்னு போயிட்டேன். மறுநாள் திறந்தா ஆள் இல்ல. பை மட்டும் இருந்துச்சு, வீட்டுச் சாவியோட. அப்புறம் அவங்க தம்பி வந்து எடுத்துட்டுப் போனாரு. எங்க போனாங்கன்னு அவருக்கும் தெரியல. நீங்க வர்ற வரைக்கும் ரூம் பூட்டியேதான் கிடந்துச்சு. படத்தையெல்லாம் கழட்டிக் கொடுத்துட்டு ஓட்டையை நான்தான் அடைச்சேன். பன்னிரண்டு."

"பதினொண்ணு, அண்ணே."

"பன்னிரண்டும்மா. பட்டி வெச்சவனுக்குத் தெரியாதா?"

வெயில் படுகிற இடமெல்லாம் மறுபடி தடவிப் பார்த்தேன். பதினொன்றுதான். மனிதர் தப்பாக எண்ணியிருக்கிறார்.

நவம்பர் 11

எல்லாவற்றையும் கழற்றி, வேறு இடங்களில் ஆணி அடிக்காமல் ஒட்டும் நாடாவால் ஒட்டினேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சும்மா ஒன்றைச் சரிசெய்யலாம் என்று தொட்டேன். நான்கு மணிக்குப் பார்க்கிறேன் — பதினொன்றும் பழைய இடத்தில். நான்தான் மாட்டினேன், என் கையெல்லாம் கரி. ஆனால் மாட்டியது நினைவில் இல்லை.

பயமாக இருக்கிறது. பயம் சுவரைப் பார்த்து இல்லை. எதை எங்கே மாட்டுவது என்று எனக்குச் சொல்ல ஒருவர் கிடைத்ததில் இருக்கிற நிம்மதியைப் பார்த்து.

நவம்பர் 12

போகவில்லை. அக்கா காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள்.

பிப்ரவரி 2

வழிகாட்டி குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்தார். வலப்பக்கங்களில் ஒரு திருத்தமும் இல்லை. கடைசித் தாளில் மட்டும் பென்சிலால்: 'இதில் நீங்கள் எங்கே?'

பிப்ரவரி 3

பதினொரு தாளையும் சுருட்டி, மாடி நடைக்கூடத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். "நான் கேட்டாலும் கொடுக்காதே." அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள், ஆனால் வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 14

ஒரே ஒரு படம். இந்த அறையின் கதவு, உள்ளே இருந்து பார்த்தபடி, சாத்தியிருக்கிறது. ஆறு வாரம் பிடித்தது. இதை அந்தச் சுவரில் மாட்டமாட்டேன். சுவர் சொல்லாத இடம், எவருக்கும் தோன்றாத இடம் வேண்டும். கதவு திறந்திருந்தால் அதன் பின்னால் மறைந்துபோகும் ஒரு துண்டுச் சுவர் இருக்கிறது, வெயிலே படாது. அங்கே, முழங்கால் உயரத்தில். உள்ளே வந்து கதவைச் சாத்திக் குந்தி உட்கார்ந்தால்தான் தெரியும்.

ஒரே அடியில் ஆணி இறங்கியது. வலப்பக்கத்தில் முதல் முறையாகப் பொய் இல்லாமல் எழுதினேன்: 'எனக்குத் தோன்றியது.' முந்தைய பொய்களையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, நடந்ததை எழுதினேன்.

மார்ச் 27

இறுதி மதிப்பீடு. மற்ற இருவருக்கும் திருப்தி இல்லை. "ஒரே ஒரு படமா? அதுவும் கதவுக்குப் பின்னாடியா?" வழிகாட்டி அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் குந்தினார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று, நான்தான் கைகொடுத்தேன்.

"இப்ப நீங்க தெரியறீங்க," என்றார்.

தேர்ச்சி. மதிப்பெண் சுமார்தான். வீட்டுக்கு நடந்தே வந்தேன், வழியெல்லாம் அழுதுகொண்டு.

ஏப்ரல் 4

அறையை ஒப்படைக்கும் நாள். பதினொரு ஓட்டைகளை அடைத்தேன். கடைசியாகக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைப் பிடுங்கினேன்.

புதிதாக ஆணி அடித்த இடமென்றால் செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டும். இதிலிருந்து வெள்ளையாகக் கொட்டியது. உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். பட்டி. காய்ந்த பட்டி.

சாவி அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "அதாம்மா," என்றார், "அந்தப் பன்னிரண்டாவது. இங்க எதுக்கு அடிச்சாங்கன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல."

அப்படியானால் அவளும் அந்த வரிசையை வேண்டாம் என்றவள்தான். அவளும் கதவைச் சாத்திக்கொண்டு இங்கே குந்தி உட்கார்ந்திருக்கிறாள். வெளியே ஒருவர் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு பூச்சு அடித்தேன். கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

ஜூன் 30

நடைக்கூட அலமாரியில் விட்டுப்போன சுருளை எடுக்கக் கல்லூரிக்குப் போனேன். ஆறாம் அறைக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். பள்ளி ஆசிரியை, விடுப்புப் போட்டுவிட்டுப் படிக்க வந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நீளச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதவைச் சாத்தி, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். தட்டிவிட்டு மெல்லத் திறந்து உள்ளே வந்த என்னைக் கண்டதும் கூச்சத்தோடு சிரித்தார்.

"மேசையைவிட இங்க நல்லா இருக்கும்மா. ஏன்னு தெரியல."

அவருடைய விரல் முழங்கால் உயரத்தில், ஒன்றுமே இல்லாத சுவரில், ஓர் இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

என் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். "இங்க ஏதாவது மாட்டணும்னு தோணுச்சுன்னா மாட்டுங்க, அக்கா. மாட்டின அன்னிக்கே என்னைக் கூப்பிடுங்க. நான் வந்து தட்டுவேன்."

"வேலையில இருந்தா காதுல விழாதே."

"திறக்கலேன்னா உள்ள வந்துடுவேன்," என்றேன். சாவி அண்ணனிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.